ஆல்பத்தில் இல்லாத பக்கம்: குடும்பப் படம் எப்படிக் கலையாகிறது?

வேலூர்க் கோட்டையின் அகழிக்கரையில் மாலை நேரத்தில் நின்றால், வங்காளி பேசும் குடும்பங்கள் படம் எடுத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். மேற்கு வங்கம், அசாம், திரிபுரா, வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தவர்கள். ஒரு பரிசோதனை முடிந்திருக்கும். முடிவு வர இரண்டு நாள் ஆகும். லாட்ஜ் அறையில் எவ்வளவு நேரம்தான் அடைந்து கிடப்பது? கோட்டைக்கு நடந்து வருகிறார்கள். மதில் பின்னால் தெரிய, குழந்தையை நடுவில் நிறுத்தி, எல்லோரும் சிரிக்கிறார்கள்.

வளர்ந்த பிறகு அந்தக் குழந்தை அந்தப் படத்தை யாரிடமாவது காட்டி, “சின்ன வயதில் தெற்கே சுற்றுலா போயிருந்தோம், பெரிய கோட்டை, சுற்றிலும் தண்ணீர்” என்று சொல்லக்கூடும். டோக்கன் வாங்க நின்ற வரிசையும் அம்மாவின் கையில் இருந்த மருந்துச் சீட்டும் படத்தில் இல்லை. படம் பொய் சொல்லவில்லை. கோட்டை உண்மை, சிரிப்பும் ஏறக்குறைய உண்மை. வேலூருக்கு வந்த காரணம் மட்டும் படத்தின் பிரேமுக்கு வெளியே நின்றுவிட்டது.

அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பல கலைஞர்கள் குடும்ப ஆல்பங்களைத் தோண்டிக்கொண்டிருப்பது இப்படி வெளியே நின்றுவிட்டவற்றைத் தேடித்தான். அவர்களுடைய படைப்புகளைக் கண்காட்சியில் முதன்முறையாகப் பார்ப்பவர்கள் “எங்கள் வீட்டுப் பீரோவிலும் இப்படி நூறு கிடக்கிறதே, இதில் என்ன கலை?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கண்காட்சிக்காரர்கள் எழுதி மாட்டும் விளக்க அட்டைகள் பெரும்பாலும் அதற்குப் பதில் சொல்வதில்லை. இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

தற்காலக் கலை என்று நான் சொல்வது சுமாராக 1960களுக்குப் பிறகு வந்ததை. கலைஞர் தன் கையால் ஒன்றை உருவாக்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. ஏற்கெனவே இருக்கும் ஒரு பொருளை எடுத்து அதன் இடத்தையோ அளவையோ வரிசையையோ மாற்றி வைத்தாலும் படைப்பாகலாம். அந்த மாற்றத்தால் நமக்கு முன்பு தெரியாத ஏதாவது தெரிகிறதா என்பதே சோதனை. தெரியவில்லை என்றால் அது சுவரில் மாட்டிய பழைய படம், அவ்வளவுதான். அப்படிப்பட்டவையும் நிறையவே இருக்கின்றன.

எல்லா ஆல்பமும் ஒரே ஆல்பம்

பழைய வட ஆற்காட்டு வீடு எதிலாவது ஆல்பத்தைப் புரட்டுங்கள். குடியாத்தமோ ஆற்காடோ ஆரணியோ, பெரிய வித்தியாசம் இருக்காது. குப்புறப் படுத்துத் தலை நிமிர்த்திய குழந்தை. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காதுகுத்துக்கு அழுகிற முகம். பள்ளியில் எடுத்த குரூப் போட்டோ. மஞ்சள் நீராட்டு விழாவில் ஜடை தைத்துக்கொண்ட பெண் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நிற்பாள். முகமும் பூ ஜடையும் ஒரே படத்தில் விழ வேண்டும் என்று ஸ்டூடியோக்காரர்கள் செய்த ஏற்பாடு அது. பிறகு கல்யாணம். கடைசியில் மாலை போட்ட பெரியவர். சில வீடுகளில் இறந்த பிறகு நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து எடுத்த படம்.

முகங்களை மறைத்துவிட்டால் ஒரு வீட்டு ஆல்பத்தை இன்னொரு வீட்டில் வைத்துவிடலாம், யாருக்கும் தெரியாது. பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்தியன் போல்தான்ஸ்கி (1944–2021) ஏறத்தாழ இதைத்தான் செய்து காட்டினார். 1971இல் நண்பர் ஒருவரின் குடும்பப் படங்களை இரவல் வாங்கினார். 1939 முதல் 1964 வரை எடுக்கப்பட்ட சுமார் 150 படங்களை மறுபடி படமெடுத்து, ஒரே அளவில் பிரிண்ட் போட்டு, சுவர் நிறைய வரிசையாக மாட்டினார். ‘டி. குடும்பத்தின் ஆல்பம்’ என்பது தலைப்பு. யார் யாருக்கு என்ன உறவு, எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்பதைப் படங்களை மட்டும் வைத்துக் கண்டுபிடித்துக் கால வரிசைப்படுத்த முயன்றார். அந்தக் குடும்பத்தைப் பற்றி அவரால் எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை. அவருக்குக் கிடைத்தது விடுமுறை, விருந்து, திருமணம் என்று ஒரு சமூகம் தன்னைப் படம் எடுத்துக்கொள்ளும் சடங்கு மட்டுமே. பார்வையாளர்களோ அந்த அந்நியர்களின் படங்களில் தங்கள் சொந்தக் குடும்பத்தைப் பார்த்தார்கள்.

அந்த ஆண்டுக் கணக்கைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1939 ஐரோப்பாவில் உலகப் போர் தொடங்கிய ஆண்டு. போல்தான்ஸ்கி பிறந்ததும் போர்க்காலத்தில்தான். யூதக் குடும்பத்தில் பிறந்த அவருடைய அப்பா, ஜெர்மானியர் பிடியில் பாரிஸ் இருந்த நாட்களில் சொந்த வீட்டின் தரைப்பலகைக்கு அடியில் ஒளிந்து கிடந்தவர். அந்த ஒளிவு வாழ்க்கையை எந்த ஆல்பத்தில் ஒட்ட முடியும்? அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த ஒருவர் இன்னொரு வீட்டின் விடுமுறைப் படங்களை இவ்வளவு கூர்ந்து பார்த்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

நினைவா, படமா?

மூன்று, மூன்றரை வயதுக்கு முன் நடந்தவை நம்மில் பெரும்பாலோருக்கு நினைவில் நிற்பதில்லை. உளவியலில் பழைய செய்தி இது. ஆனாலும் “ஒன்றரை வயதில் வள்ளிமலையில் எனக்கு மொட்டை போட்டது நன்றாக நினைவிருக்கிறது” என்று சாதிக்கும் ஆள் வீட்டுக்கு ஒருவர் உண்டு. அவர் பொய் சொல்லவில்லை. படத்தைப் பார்த்திருக்கிறார், அம்மா சொல்லக் கேட்டிருக்கிறார்; இரண்டும் சேர்ந்து உள்ளே ஒரு காட்சியாகிவிட்டன. அவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: அந்த நினைவில் மொட்டை போடுபவரின் கையும் கத்தியும் தெரிகின்றனவா, அல்லது மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருக்கும் தன்னையே வெளியிலிருந்து பார்க்கிறாரா? வெளியிலிருந்து என்றால், அவர் நிற்பது கேமரா நின்ற இடமாக இருக்கலாம். இது உறுதியான சான்று ஆகாது. நிஜ நினைவுகளிலும் நாம் சில சமயம் நம்மை வெளியிலிருந்து பார்ப்பதுண்டு. சந்தேகப்பட ஒரு நல்ல காரணம், அவ்வளவே.

2002இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. 20 பேரின் சிறு வயதுப் படங்களை அவரவர் குடும்பத்தாரிடம் வாங்கி, வெப்பக்காற்று பலூனில் அவர்கள் பறப்பதாக ஒரு போலிப் படத்தை ஒட்டுவேலையில் தயாரித்துக் காட்டினார்கள். உண்மையில் அவர்களில் யாரும் பலூனில் ஏறியதில்லை. மூன்று நேர்காணல்கள் முடிவதற்குள் பாதிப் பேருக்கு அந்தப் பயணம் ‘நினைவுக்கு வந்துவிட்டது’. சிலர் படத்தில் இல்லாத விவரங்களையும் சேர்த்துச் சொன்னார்கள். இன்று ஒரு போலிப் படத்தைக் கைபேசியிலேயே யாரும் செய்துவிட முடியும் என்பதை நினைத்தால் கொஞ்சம் அச்சமாகத்தான் இருக்கிறது.

ஆக, நினைவைப் படம் காப்பாற்றுகிறது என்று நாம் பேசுவது பாதிதான் சரி. பல சமயம் நினைவு இருக்க வேண்டிய இடத்தில் படம் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அதே படத்தைப் பார்க்கப் பார்க்க, அன்று நடந்த மற்றவை மங்கிப்போகின்றன.

ஆய்வாளர்களுக்கு முன்பே இதை வைத்து விளையாடியவரும் போல்தான்ஸ்கிதான். 1972இல் தன் இளமைக்காலப் படங்கள் பத்து என்று ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். ஒவ்வொன்றின் கீழும் பெயர், வயது, தேதி எல்லாம் ஒழுங்காக இருந்தன. உற்றுப் பார்த்தால் அவை வேறு வேறு பிள்ளைகள். எல்லாம் ஒரே பூங்காவில் ஒரே நாளில் எடுத்த படங்கள். கீழே எழுதியிருக்கும் நாலு எழுத்தை நம்பி முகத்தைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம் என்பதை அவர் நமக்கே காட்டிக்கொடுத்தார்.

இன்னொரு வழியில் போனவர் அமெரிக்கக் கலைஞர் மைக் கெல்லி (1954–2012). 1995இல் அவர் செய்த ‘எஜுகேஷனல் காம்ப்ளெக்ஸ்’ ஒரு கட்டட மாதிரி. கட்டுமான நிறுவனங்கள் வரவேற்பறையில் வைப்பார்களே, அந்த வகை. தான் படித்த எல்லாப் பள்ளிகளையும் வளர்ந்த வீட்டையும் நினைவிலிருந்து செய்து ஒரே மேசையில் வைத்தார். நினைவுக்கு வராத பகுதிகளை ஊகித்து நிரப்பாமல் வெறுமையாகவே விட்டார். அந்த வெற்றிடங்கள்தான் படைப்பு என்று நான் நினைக்கிறேன். உங்கள் தொடக்கப் பள்ளியின் வரைபடத்தை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். சத்துணவுக் கூடமும் மணி தொங்கிய இடமும் சரியாக வரும்; மூன்றாம் வகுப்பு எங்கே இருந்தது என்பது வராது.

ஜப்பானில் பிறந்து பத்து வயதில் இங்கிலாந்துக்குப் போன சினோ ஒட்சுகா, தன் சிறு வயதுப் படங்களுக்குள் வளர்ந்த தன்னையே கணினி வழியாகச் சேர்த்தார். பனியில் நிற்கும் சிறுமியின் பக்கத்தில் பெரியவளாக அவர். ஒட்டு தெரியாத அளவுக்கு நேர்த்தி. எனக்கு அது கொஞ்சம் அதிக இனிப்பு. ஆனால் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு உடனே புரிந்துவிடும்.

சீருடையில் சிரிக்கும் மாமா

வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் என்று பெயர். அங்கே மட்டுமல்ல, இந்த வட்டாரத்தில் பல வீடுகளில் நிலைக்கு மேல் சீருடைப் படம் ஒன்று ஆணியில் சாய்ந்து தொங்கும். எடுத்த ஆண்டு வீட்டில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. எந்த ரெஜிமென்ட் என்பது தெரியும்.

அப்படி ஒரு படம்தான் ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 1965இல் எடுத்துக்கொண்டது. ‘ரூடி மாமா’. ராணுவக் கோட்டு அணிந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற அழகான இளைஞர். குடும்பத்தில் எல்லோருக்கும் பிடித்தவர், போரில் இறந்துபோனார். ஆனால் அந்தச் சீருடை ஹிட்லரின் படையினுடையது. ரிக்டர் படத்தைப் பார்த்துச் சாம்பல் வண்ணத்தில் துல்லியமாக வரைந்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் தூரிகையால் இழுத்துக் கலங்கடித்தார். முகம் தெரிகிறது, பிடிபடவில்லை. பாசத்தோடு பார்ப்பதா, வெறுப்போடு பார்ப்பதா என்று முடிவுக்கு வர விடாத கலங்கல் அது. பின்னர் அந்த ஓவியம் நாஜிகள் 1942இல் தரைமட்டமாக்கிய செக் கிராமமான லிடிசேவின் சேகரிப்புக்குப் போனது.

அதே 1965இல் ‘மரியானே சித்தி’யையும் வரைந்தார். பதினான்கு வயதுப் பெண், முன்னால் கைக்குழந்தையாக ரிக்டர். சாதாரணமான வீட்டுப் படம். அந்தச் சித்திக்குப் பின்னாளில் மனநோய் என்று சொல்லி, நாஜி அரசு கட்டாயக் கருத்தடை செய்தது. 1945இல் மனநோயாளிகளைக் கொல்லும் திட்டத்தில் அவரும் பலியானார். ஒரே குடும்பத்தில் அந்தப் படையில் இருந்தவரும் அந்த அரசால் கொல்லப்பட்டவரும். ஆல்பத்தில் இருவரும் பக்கத்துப் பக்கங்களில் இருந்திருக்கலாம். ஆல்பத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

நம் நாட்டில் இந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்தது விவான் சுந்தரம் (1943–2023) செய்தது. ஓவியர் அம்ரிதா ஷேர்-கில் அவருக்குப் பெரியம்மா. அம்ரிதாவின் அப்பா உம்ராவ் சிங் கேமராப் பித்து பிடித்தவர். தன்னையும் மனைவியையும் இரண்டு மகள்களையும் ஆயுள் முழுக்கப் படமெடுத்துத் தள்ளினார். பேரன் 2001–02இல் அந்தப் படங்களைக் கணினியில் கலந்து ‘ரீ-டேக் ஆஃப் அம்ரிதா’ என்ற தொகுப்பைச் செய்தார். வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த படங்களிலிருந்து ஆட்கள் எழுந்து வந்து ஒரே அறையில் சந்திக்கிறார்கள். முதிய தந்தைக்கு எதிரே இளமையான மகள். ஒட்டுவேலை என்று நமக்குத் தெரிந்தே நடக்கிறது. ஆனாலும் அந்தக் குடும்பத்தின் பாசமும் இறுக்கமும் எந்த ஒரு தனிப்படத்தையும்விட அதில் நன்றாகத் தெரிகின்றன. படம் எடுத்தவர் அப்பா, எடுக்கப்பட்டவர்கள் பெண்கள் என்பது நினைவிருக்கட்டும். யார் கையில் கேமரா இருந்தது என்பதைப் பேரன் ஒரு கணமும் மறக்க விடவில்லை.

மரியான் ஹிர்ஷ் என்ற அறிஞர் 1990களில் முன்வைத்த ‘பின்நினைவு’ என்ற கருத்தையும் தெரிந்துகொண்டால் நல்லது. பெரிய துயரத்தைக் கடந்து வந்தவர்களின் பிள்ளைகள், தாங்கள் பிறப்பதற்கு முன் நடந்தவற்றைத் தங்கள் சொந்த நினைவைப்போலச் சுமக்கிறார்கள் என்பது அவர் சொல்வது. வீட்டுப் பேச்சிலிருந்தும் படங்களிலிருந்தும் அந்த நினைவு ஏறிவிடுகிறது. யூத இன அழிப்பிலிருந்து தப்பியவர்களின் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதினார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வேலூரை அடுத்த மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அப்படி ஒரு முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளை, தான் மிதித்தேயிராத முற்றத்தை, ஏறியிராத மாமரத்தைப் படத்தில் பார்த்து “எங்கள் வீடு” என்று சொன்னால், அதற்கு என்ன பெயர் வைப்பது? ஹிர்ஷின் கருத்து அந்த இடத்துக்குத்தான் பொருந்துகிறது.

படமே இல்லாதவர்கள்

இதுவரை சொன்ன கலைஞர்களில் பெரும்பாலோருக்குக் கையில் எடுத்து வேலை செய்ய ஒரு படமாவது ஓர் ஆல்பமாவது இருந்தது. இந்த வகைக் கலையைப் பற்றிய எழுத்துகளில் எனக்கு இருக்கும் குறை இதுதான்: எல்லோர் வீட்டிலும் ஆல்பம் இருந்ததுபோலப் பேசுகிறார்கள். ராணிப்பேட்டையிலோ பேரணாம்பட்டிலோ தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்தவரின் மகளுக்கு, 1970களில், ஐந்தாம் வகுப்பு குரூப் போட்டோவே முதல் படமாக இருந்திருக்கலாம். அதுவும் காசு கொடுத்து வாங்க முடிந்திருந்தால். அவளுடைய குழந்தைப் பருவம் நடக்காமல் போய்விடவில்லை. ஆனால் ஆல்பத்தைக் கையில் வைத்துப் பேசும் கலையில் அவள் எங்கே வருவாள்?

ஆல்பம் இருந்த வீடுகளிலும் எதைப் படமெடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்ற தணிக்கை உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த ஜோ ஸ்பென்ஸ் 1979இல் ‘குடும்ப ஆல்பத்துக்கு அப்பால்’ என்ற படைப்பில் இதைக் கேள்வியாக்கினார். சண்டை, நோய், பணமின்மை, வீட்டு வேலை இவையெல்லாம் ஏன் ஆல்பத்தில் வருவதில்லை? பின்னால் அவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது சிகிச்சையையே படமெடுத்தார். மருத்துவமனையை மையமாக வைத்து இயங்கும் நம் ஊருக்கு இந்தக் கேள்வி வேறு யாரையும்விட நெருக்கமானது. இங்கே அதை எடுத்துச் செய்ய ஒருவர் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இதற்கிடையில் பழைய ஸ்டூடியோக்கள் மூடப்பட்டு, நெகட்டிவ்கள் குப்பைக்குப் போகின்றன. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டமும் சேர்ந்து, தமிழகத்து ஸ்டூடியோப் படங்களைத் தேடி டிஜிட்டல் வடிவில் பதிவு செய்திருக்கின்றன. நாளைக்கு இவற்றிலிருந்து ஒரு கலைஞர் வேலை தொடங்கலாம். காத்திருக்க நேரம் குறைவு. வேலூர் வெயிலுக்கு எந்தப் படமும் நெடுநாள் தாங்காது; எழுபது, எண்பதுகளின் கலர்ப் படங்களில் நீலச்சாயம் முதலில் வெளிறி, எல்லோரும் செம்மண் நிறமாகிவிட்டார்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது கரையோரத்துத் தாழ்வான வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படித் தண்ணீர் புகும் வீட்டில் ரேஷன் கார்டையும் பத்திரத்தையும்தான் முதலில் தூக்குவார்கள், ஆல்பத்தை அல்ல.

இனி ஒரு கண்காட்சியில் குடும்பப் படம் ஒன்றைப் பெரிதாக்கி மாட்டியிருந்தால், ‘பழைய காலம் எவ்வளவு இனிமை’ என்று உருகுவதற்கு முன் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். கேமராவுக்குப் பின்னால் நின்றது யார்? யாரை நடுவில் வைத்திருக்கிறார்கள், யாருடைய முகம் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது? கலைஞர் இதில் எதை மாற்றினார்? ஒன்றையும் மாற்றவில்லை, சோகமான தலைப்பு மட்டும் கொடுத்திருக்கிறார் என்றால், தாராளமாக அடுத்த சுவருக்கு நகர்ந்துவிடலாம்.

நீங்களே செய்து பார்க்க நினைத்தால் வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே தொடங்குங்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும். பெயர்களைப் பின்னால் எழுதுவதென்றால் மென்மையான பென்சிலால் எழுதுங்கள், பால்பாயின்ட் பேனா முன்பக்கத்தில் தடம் பதிக்கும். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட பிரேம் படத்தைப் பிய்க்காமல் அப்படியே படமெடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் சாலி மேன் தன் மூன்று பிள்ளைகளை உடையில்லாமலும் எடுத்த படங்களை 1992இல் புத்தகமாக்கியபோது எழுந்த சர்ச்சை இன்னும் ஓயவில்லை. அவை சிறந்த படங்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த வயதில் ஒரு பிள்ளை கொடுக்கும் சம்மதம் சம்மதமாகுமா என்பதில் இருக்கிறது. கண்ணாடிக்கு முதுகு காட்டிப் பூ ஜடையோடு நிற்கும் உங்கள் அத்தையின் படத்தை எட்டடி உயரத்துக்குப் பெரிதாக்கி மாட்ட எண்ணினால், முதலில் ஒரு பிரிண்டை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொல்லலாம். ஏன் வேண்டாம் என்றும் சொன்னால், உங்களுக்குத் தேவையான விஷயம் அதில்தான் இருக்கும்.